கழித்தல் குறி

ஐப்பசி. மன்னார்குடியில் மூன்று நாளாக விடாத தூறல்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
சிப்பின் தலையில் செம்புக் குவளையை இறுக்குகிறேன்.
கூத்தாநல்லூர் ஜெகபர்
பழைய பல் பிரஷ்ஷால் வாசலின் அப்புகிறான்
சாக்கெட்டைச் சுற்றி, மின்தேக்கிகளின் இடுக்கெல்லாம்,
பரோட்டாக் கல்லில் எண்ணெய் விடும் தாராளத்தோடு.
இந்த ஊர்க் காற்றில் எதைக் குளிர்விப்பதானாலும்
முதலில் தண்ணீரிடம் பேசித் தீர்க்க வேண்டும்.

நைட்ரஜன், கால்நடை மருந்தக வேதமூர்த்தி உபயம்.
ஜெர்சிக் காளையின் வித்துக் குச்சிகள்
தூங்குகிற அதே கேன்.
“மூணு லிட்டருக்கு மேல கேக்காதீங்க.
காலைல வடுவூர்ல ரெண்டு மாடு கத்திக்கிட்டு நிக்குது.”

ஊற்றினேன்.
வெள்ளை தளும்பி மேசையில் வழிந்து
செருப்புகளைத் தேடி ஊர்ந்தது.
கைமீட்டரில்: கழித்தல் நாற்பது. எழுபது. நூற்றுப்பத்து.
திரையில் சிப்பின் சொந்த உணரி:
பன்னிரண்டு, ஏழு, மூன்று, சுழியம்,
இருநூற்று ஐம்பத்தைந்து.

டப்.

எரிகிறேன் என்று சொல்லிவிட்டு
அணைந்து கிடந்தது
பனி பூத்த பலகை.

“சிப்பு போச்சுக்கா” என்றான் ஜெகபர்.
சிங்கப்பூர் மாமா லுங்கிக்குள் சுருட்டி
அனுப்பியது. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
போயிருந்தால் இத்தனை ஒழுங்காகப் போயிருக்காது,
மூன்று முறையும் சுழியத்தைத் தாண்டிய நொடியில்.

மீன்கடை ஐஸை நொறுக்கி டம்ளரில் கரைத்து
கைமீட்டரின் கம்பியை நனைத்தேன்: அரை டிகிரி. சரி.
கேனுக்குள் விட்டேன்: நூற்றுத் தொண்ணூற்று நான்கு,
இரண்டு குறைகிறது, மன்னிக்கலாம்.
குவளையில் மட்டும் ஏன்
நூற்றுப்பத்திலேயே முரண்டு பிடிக்கிறது?

கழற்றினால் தெரிந்தது.
மேட்டூர் திறக்காத வருஷத்து வாய்க்காலாய்
பேஸ்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது.
கம்பி முனை செம்பைத் தொடவேயில்லை.
நகக்கண் அளவு இடைவெளி;
இத்தனை நேரம் அந்த வெற்றிடத்தின் குளிரைத்தான்
எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறது.

அது கம்பியின் கதை. சிப்பின் கதை வேறு.
அதைச் செய்தவர்கள்
சூட்டுக்குப் பயப்பட மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
கழித்தல் குறி வைக்க
உள்ளே இடமில்லை.
சுழியத்துக்குக் கீழே ஒரு படி இறங்கினால்
உச்சிப் படியில் போய் நிற்கிறது,
பின்னால் சுற்றிய ஸ்கூட்டர் மீட்டர்போல.

கேனை மூடிக்கொண்டே வேதமூர்த்தி சொன்னார்:
“எடமேலையூர்ல நாப்பது மூட்டை தார்ப்பாய்க்குள்ள கெடக்குது.
பதினேழுக்கு மேல ஈரப்பதம் இருந்தா எடுக்க மாட்டான்.
கொள்முதல் மீட்டரு இருபத்தொண்ணுங்குது.”
கொஞ்சம் நிறுத்தி,
“நெல்லு நனைஞ்சதுதான், இல்லைங்கல.
ஆனா பத்தொன்பதுதான் இருக்கும்.
அந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை.
புது பேஸ்ட் வைத்துக் கம்பியை அழுத்திக் கட்டினேன்.
பலகையின் ஓரத்தில்
அரிசி அளவு ஸ்விட்ச் ஒன்று உண்டு.
நகர்த்தினால் உணரியின் கூச்சலுக்குப் பலகை காது கொடுக்காது.
அதன்பின் நிஜமாகவே எரிந்தாலும்
சொல்ல யாருமில்லை, நானும் கைமீட்டரும் தவிர.
பாக்குவெட்டிக்குள் விரல் வைத்த மாதிரி இருந்தது.
நகர்த்தினேன்.

இருநூற்று ஐம்பத்தைந்து என்று
திரை கத்திக்கொண்டே இருக்க,
ஏழாயிரத்து நூறு மெகாஹெர்ட்ஸில்
ஓடியது, நான்கு நிமிடம்.
ஜெகபர் படமெடுத்தான். கை நடுங்கி எல்லாம் மங்கல்.
பிறகு குவளை காலி.
உறைந்ததெல்லாம் ஒரே நேரத்தில் நீராகி
மேசை விளிம்பில் சொட்டத் தொடங்கியது.
முடி உலர்த்தியைத் தேடினால்
கரண்ட் போய்விட்டது.

செல்போன் வெளிச்சத்தில் வேதமூர்த்தி
கேனுக்குள் ஒரு மரக்குச்சியை இறக்கினார்,
எடுத்துக் காற்றில் இருமுறை ஆட்டினார்.
அடியிலிருந்து வெண்மை ஏறி ஓரிடத்தில் நின்றது.
அதன்மேல் விரல்களை அடுக்கினார்.

“நாலு விரக்கடை.
ரெண்டு மாட்டுக்குத் தாங்கும்.”

ஷட்டரைத் தூக்கிவிட்டேன். தூறல் அப்படியே இருந்தது.